படச்சுருளும் ஒளிநாடாவும்: சிறுமுதற் படங்களின் வரலாறு

35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள், நொடிக்கு 24 படங்கள் என்னும் விரைவில் கேமராவினுள் ஓடும்போது, நிமிடத்திற்கு 90 அடி செலவாகிறது. ஆயிரம் அடிச் சுருளொன்று பதினொரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒன்றரை மணி நேரப் படத்தின் இறுதி வடிவத்திற்கே 8,100 அடி வேண்டும். நடிகர் வசனத்தில் தடுமாறியது, மழை குறுக்கிட்டது, இயக்குநர் மனம் மாறியது ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்து, ஐந்து அடி எடுத்து ஓர் அடியைப் பயன்படுத்தும் சிக்கனக்காரருக்குக்கூட 40,500 அடி தேவைப்படும். வாங்கிய சுருளைக் கூடத்தில் கழுவ வேண்டும். பார்ப்பதற்கு ஒரு பிரிண்ட் எடுக்க வேண்டும். நெகடிவை வெட்டி ஒட்ட வேண்டும். ஒலியை இணைக்க வேண்டும். திரையரங்கிற்கான பிரிண்டைப் பிறகு எடுக்க வேண்டும். கையில் காசில்லாதவர் திரைப்படம் எடுக்க நினைத்தால், அவர் முதலில் கற்க வேண்டியது நடிப்புமன்று, ஒளியமைப்புமன்று, இந்த அடிக்கணக்கே.

இக்கணக்கைச் சுருக்கும் முயற்சி நெடுங்காலமாக நடந்து வந்துள்ளது. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1923ஆம் ஆண்டில் 16 மில்லிமீட்டர் படச்சுருளை அறிமுகப்படுத்தியபோது அது வீட்டுப் பொழுதுபோக்குக்கான பொருளாகவே கருதப்பட்டது. அந்நாளில் திரையரங்குகளில் ஓடிய நைட்ரேட் சுருளோ எளிதில் தீப்பற்றக்கூடியது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தகாதது. புதிய சுருள் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் தளத்தில் அமைந்தது. இரண்டாம் உலகப் போரில் படைத்துறையினர் அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். போருக்குப் பின்னர்ச் செய்திப்படக்காரர்களும் தொலைக்காட்சி நிலையங்களும் திரைப்பட மாணவர்களும் அதனைக் கைக்கொண்டனர். அதில் நிமிடத்திற்கு 36 அடி போதும். மேற்சொன்ன ஒன்றரை மணி நேரப் படத்தை அதே சிக்கனத்துடன் எடுக்க 16,200 அடி, அதாவது 400 அடிச் சுருள்கள் ஏறத்தாழ 41 வேண்டும். எனினும், ஒவ்வொரு படத்தின் பரப்பும் 35 மில்லிமீட்டரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பெரிய திரைக்காக அதனைப் பெருக்கும்போது துகள்கள் மணலைப் போல் தெரியும். சுவீடனைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் ரூனே எரிக்சன், சுருளின் ஓரத்தில் வீணாகிய இடத்தையும் படத்திற்கே பயன்படுத்தி ‘சூப்பர் 16’ முறையை 1970 வாக்கில் உருவாக்கியதும் இக்குறையைத் தணிப்பதற்காகவே.

16 மில்லிமீட்டரில் பிறந்த படங்களுள் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, சார்லஸ் பர்னெட் என்னும் கறுப்பின இளைஞர் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’. ஆட்டிறைச்சிக் கூடத்தில் உழைக்கும் ஒரு தொழிலாளியின் குடும்பத்தைப் பற்றிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், பத்தாயிரம் அமெரிக்க வெள்ளிக்கும் குறைவான செலவில், வார இறுதிகளில் சிறிது சிறிதாக எடுக்கப்பெற்று 1978இல் வெளிவந்தது. இப்படத்தைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கிறது.

மற்றொன்று, ராபர்ட் ரோட்ரிகஸ் 1992இல் முடித்த ‘எல் மரியாச்சி’. மெக்சிகோவின் எல்லை நகரொன்றில் இரண்டு வாரங்களில், ஏறத்தாழ ஏழாயிரம் அமெரிக்க வெள்ளியில் எடுக்கப்பட்டது. அப்பணத்தில் ஒரு பகுதியை, மருந்து ஆய்வுக்குத் தம் உடலையே ஒப்படைத்து அவர் ஈட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவருடைய கேமரா இரைச்சலிடும் பழைய ஆரிஃபிளெக்ஸ். ஆகவே ஒலியைத் தனியே, ஒவ்வொரு காட்சியும் முடிந்த பின்னர்ப் பதிந்துகொண்டார். நகரும் காட்சிகளுக்குச் சக்கர நாற்காலி உதவியது. பெரும்பாலான காட்சிகளை ஒரே முறைதான் எடுத்தார். உதடும் சொல்லும் பிரிந்த இடங்களில் வேறொரு முகத்திற்கோ பொருளுக்கோ தாவினார். அந்தத் தாவல்களே படத்திற்கு விரைவைத் தந்தன. பின்னாளில் அதனைப் புதிய பாணி என்று போற்றியவர்கள் உண்டு. படச்சுருளின் விலையே அந்தப் பாணியைத் தோற்றுவித்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

இதில் வேறொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ரோட்ரிகஸ் அந்தப் படத்தைச் சுருளில் எடுத்தாரேயன்றிச் சுருளில் தொகுக்கவில்லை. நெகடிவை வீடியோ நாடாவுக்கு மாற்றி, நாடாவிலேயே தொகுத்து நிறுத்திக்கொண்டார். நெகடிவை வெட்டுவதற்கும் திரையரங்குப் பிரிண்டுக்கும் அவரிடம் பணமில்லை. கொலம்பியா நிறுவனம் படத்தை வாங்கிய பின்னர், 35 மில்லிமீட்டருக்குப் பெருக்கவும் ஒலியைச் செப்பனிடவும் படம் எடுத்த செலவைப்போல் பன்மடங்கு செலவிட்டது. ஏழாயிரம் வெள்ளிப் படம் என்று உலகம் வியந்தது. திரையரங்கில் மக்கள் கண்டது ஏழாயிரம் வெள்ளிப் படமன்று. சிறுமுதற் படங்களின் செலவுக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம், எந்தக் கட்டத்தோடு அந்தக் கணக்கு முடிகிறது என்று கேட்டறிவது நலம்.

சிங்கப்பூரிலும் அன்றைய நிலை இதுவே. எரிக் கூ தமது ‘பெயின்’ என்னும் குறும்படத்திற்காக 1994இல் சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் பெற்ற பரிசின் துணைகொண்டே, ‘மீ போக் மேன்’ என்னும் முதல் முழுநீளப் படத்தை 1995இல் உருவாக்கினார். நூல் எழுதுபவருக்குத் தாள் பரிசளிப்பதைப் போன்றது, இயக்குநருக்குப் படச்சுருள் கிடைப்பது. பரிசு பெறாத எத்தனை பேருடைய கதைகள் மனத்தோடு நின்றுபோயின என்பதற்குக் கணக்கில்லை.

வீடியோ அப்போது இல்லாமலில்லை. தொலைக்காட்சி நிலையங்கள் நெடுநாளாக அதனைப் பயன்படுத்தி வந்தன. ஆனால் தரமான வீடியோக் கருவிகள் நிலையங்களுக்கே கட்டுபடியாயின. வீட்டுக் கருவிகளின் ஒளிநாடாவையோ ஒருமுறை மறுபதிவு செய்தாலே படம் கலங்கியது. தொகுப்பதென்றாலே மறுபதிவு செய்வதுதான் என்றிருந்த நிலையில் இது பெருங்குறை. 1995ஆம் ஆண்டில் வந்த டிஜிட்டல் வீடியோ, அதாவது சிறிய மினிடிவி ஒளிநாடா, இந்தக் குறையை அறவே நீக்கியது. சோனியின் வி.எக்ஸ். 1000 கேமராவிலிருந்து ஒரே கம்பி வழியாகக் கணினிக்குப் படம் சென்றது. எத்தனை முறை பெயர்த்தாலும் அது தேயவில்லை. ஒரு மணி நேர நாடா, தேநீர்க்கடைச் செலவுக்குள் அடங்கியது. ஐந்துக்கு ஒன்று என்னும் பழைய சிக்கனத்தில் ஒன்றரை மணி நேரப் படத்திற்கு எட்டு நாடாக்கள் போதும். முப்பதுக்கு ஒன்று என்று தாராளமாக எடுத்தாலும் நாற்பத்தைந்து நாடாக்களே. அடிக்கணக்கு அன்றோடு பொருளற்றுப் போயிற்று.

பொருளாதாரம் மாறியதும் கலைக் கொள்கையும் மாறியது. டென்மார்க்கில் லார்ஸ் வான் ட்ரியரும் தாமஸ் வின்டர்பெர்க்கும் 1995இல் ‘டாக்மா 95’ என்னும் அறிக்கையை வெளியிட்டனர். கேமரா கையிலேயே இருக்க வேண்டும், செயற்கை விளக்குக் கூடாது, படம் 35 மில்லிமீட்டரில் அமைய வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. இவ்விதிகளின் கீழ் முதலாவதாக வந்த வின்டர்பெர்க்கின் ‘ஃபெஸ்டன்’, கைக்கடக்கமான வீட்டு வீடியோக் கேமராவில் எடுக்கப்பட்டது! 35 மில்லிமீட்டர் விதி, திரையிடும் பிரிண்டுக்கே உரியது என்று அவர்கள் பொருள் கண்டனர். ஒரு குடும்பப் பெருவிருந்தில் மூத்த மகன் தந்தையின் கொடுமையை எல்லார் முன்னிலையிலும் எடுத்துரைப்பது கதை. மேசைக்கடியிலும் மாடிப்படியிலும் புகுந்து புறப்பட்ட அந்தச் சிறு கேமரா, அழையா விருந்தாளியைப் போல் நடந்துகொண்டது. கலங்கிய வண்ணமும் மங்கிய ஒளியும் அக்கதைக்கு ஊறாகவில்லை, துணையாயின. 1998இல் கான் விழாவில் அதற்கு நடுவர் பரிசு கிடைத்தது. வீடியோவில் எடுத்தது படமாகாது என்று கூறியவர்கள் அதன் பின்னர்ச் சற்றுத் தயங்கியே கூறினர்.

ஈரானின் அப்பாஸ் கியரோஸ்தமி 2002இல் ‘டென்’ படத்தில் காருக்குள் இரண்டு சிறு கேமராக்களைப் பொருத்தி, ஓட்டும் பெண்ணையும் அருகில் அமர்ந்தவரையும் பேசவிட்டார். பதினொரு நிமிடத்தில் தீரும் சுருள் அப்பேச்சின் போக்கைக் காத்திருந்து கேட்டிருக்குமா? பிலிப்பீன்சில் 2005இல் தொடங்கிய ‘சினிமாலயா’ விழா, தேர்ந்தெடுத்த கதைகளுக்கு ஐந்து லட்சம் பெசோ வீதம் முதல் கொடுத்து டிஜிட்டல் படங்களை எடுக்க வைத்தது. தமிழ்நாட்டில் பி. சி. ஸ்ரீராமின் ‘வானம் வசப்படும்’ 2004இலும், கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ 2005இலும் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டு வந்தன. அவை வசதியுள்ளோர் செய்து பார்த்த சோதனைகள். வறுமையில் பிறந்த வரலாற்றில் அவற்றுக்கு இடம் சிறிதே.

இனி மலேசியாவுக்கு வருவோம். அமிர் முகமது 2000ஆம் ஆண்டில் எடுத்த ‘லிப்ஸ் டு லிப்ஸ்’ இந்நாட்டின் முதல் டிஜிட்டல் முழுநீளப் படமாகப் பரவலாகக் குறிக்கப்படுகிறது. அவரைத் தொடர்ந்து ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், டான் சூய் முய், லியூ செங் டாட் போன்றோர் சிறு கேமராக்களுடன் புறப்பட்டனர். ஒருவர் படத்தில் மற்றவர் நடித்தார்; நடித்தவரே மறுநாள் தயாரிப்பாளரானார். அமிர், ஜேம்ஸ் லீ, டான், லியூ ஆகிய நால்வரும் 2005இல் ‘டா ஹுவாங்’ நிறுவனத்தைத் தொடங்கினர். டான் சூய் முய்யின் ‘லவ் காங்கர்ஸ் ஆல்’ 2006இல் பூசான் விழாவிலும் அடுத்த ஆண்டு ராட்டர்டாம் விழாவிலும் உயர் பரிசுகளைப் பெற்றது.

இவ்வெழுச்சி மலேசியாவில் தோன்றியதற்கு மொழியும் ஒரு காரணம். திரைப்படத்திற்குக் கிட்டிய வரிச் சலுகைகள், மலாய் மொழி உரையாடல் மிகுந்த படங்களையே மையமாகக் கொண்டிருந்தன. சீன மொழியிலோ தமிழிலோ எடுப்பவர் அந்த உதவியை நம்ப இயலாது. பெருஞ்சந்தையும் இல்லை, தமிழ்நாட்டிலிருந்து வரும் நட்சத்திரப் படங்கள் திரையரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தன. இத்தகைய நிலையில் நாற்பதாயிரம் அடிச் சுருளுக்கு எந்த முதலாளி முன்வருவார்? ஆகவே, படச்சுருளா வீடியோவா என்னும் வினா இங்குக் கலைஞரின் சுவையைப் பற்றியதாக எழவேயில்லை. படம் உண்டா, இல்லையா என்பதே வினா.

அந்த வினாவுக்கு உண்டு என்று விடையளித்த தமிழ்ப்படங்களுள் முதன்மையானது, தீபக் குமாரன் மேனன் 2005இல் உருவாக்கிய ‘செம்மண் சாலை’. 1960களின் ரப்பர்த் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பம். மேற்படிப்புக்குச் செல்ல விரும்பும் ஒரு மகள். சண்டையில்லை, வெளிநாட்டுப் பாடற்காட்சியில்லை. லயத்து வீடும் பால்மரக் காடும் விடிகாலை இருளும் அவற்றினூடே நடக்கும் மனிதருமே படம். தோட்டத்து வாழ்வைச் சிறுகதையிலும் நாவலிலும் மலேசியத் தமிழர் நெடுங்காலமாக எழுதி வந்துள்ளனர். ஆனால் அதே மனிதர்கள் தம் பேச்சு வழக்கோடும் நடையோடும் திரையில் தோன்றி, அயல்நாட்டு விழாக்களில் மலேசியப் படம் என்ற பெயரோடு அமர்ந்தது அரிய நிகழ்ச்சி. அவர் பின்னர் 2007இல் ‘சலங்கை’ என்னும் படத்தையும் எடுத்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறி, லயங்கள் இடிந்துகொண்டிருந்த காலம் அது. வசதி வரட்டும், சுருள் வாங்கலாம் என்று காத்திருந்தால், படமெடுக்கத் தோட்டம் காத்திருந்திருக்காது.

இவ்வாறு கூறுவதால் வீடியோவுக்குக் குறையில்லை என்பது பொருளன்று. நெகடிவ் படச்சுருள் மிக வெளிச்சமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒருசேரத் தாங்கும் ஆற்றலுடையது. அக்காலத்து மினிடிவிக்கு அவ்வாற்றல் குறைவு. வடநாட்டுக் குளிர்கால ஒளியில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. நிலநடுக்கோட்டு நண்பகலில், பால்மர இலைகளின் இடைவெளியில் வானம் கண்ணைப் பறிக்க, மர நிழலில் கருநிற முகமொன்று நிற்கும்போது இந்தக் கேமரா இரண்டில் ஒன்றைத்தான் காட்டும். முகத்தைக் காட்டினால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகும். வானத்தைக் காட்டினால் முகம் கரிக்கட்டையாகும். தமிழ் முகங்களை வெயிலில் எடுக்க முனைந்த எந்த ஒளிப்பதிவாளருக்கும் இது ஏட்டுச் செய்தியன்று. விடியலையும் அந்தியையும் உள்ளறையையும் நாடிச் செல்லுதல், வானத்தைச் சட்டத்திலிருந்து விலக்கிவைத்தல், வெள்ளைத் துணியால் ஒளியை முகத்தின் மீது திருப்புதல் முதலியன ஏழையின் உத்திகள்.

ஒரு வகையில் மட்டும் மலேசியாவும் சிங்கப்பூரும் நற்பேறு பெற்றிருந்தன. இவ்விரு நாடுகளிலும் வழங்கிய பால் (PAL, அதாவது ‘பி.ஏ.எல்.’ என்னும் தொலைக்காட்சி முறை) நொடிக்கு 25 படங்களைக் கொண்டது. திரைப்படத்தின் 24க்கு அது மிக அண்மையது. நூற்றுக்கு நான்கு பங்கு மெதுவாக ஓட்டினால் அப்படியே பொருந்திவிடும். அமெரிக்க முறையில் எடுத்த வீடியோவைச் சுருளுக்கு மாற்றுவது இதைவிடச் சிக்கலானது. ஆதலால் அமெரிக்கச் சிறுமுதல் இயக்குநர் சிலர் இந்த முறைக்குரிய கேமராக்களைத் தேடி வாங்கினர். 24 படங்களையே பதியும் மலிவான பானசோனிக் கேமரா 2002இல் வந்த பின்னரே அவர்களுக்கு அந்தத் தேவை நீங்கியது.

ஆனால் சுருளுக்கு மாற்றும் செலவை யார் கொடுப்பது? 2000களின் தொடக்கத்தில் வணிகத் திரையரங்குகள் 35 மில்லிமீட்டர் பிரிண்டையே எதிர்பார்த்தன. நாடாவில் முடித்த படத்தைச் சுருளுக்குப் பெயர்ப்பதற்கு, படமெடுத்த மொத்தச் செலவையும் விஞ்சிய தொகை வேண்டியிருக்கலாம். கேமராவின் முன் மிச்சப்பட்ட காசு, திரையரங்கின் வாயிலில் வந்து வழிமறித்தது. ஆகவே மலேசியச் சிறுமுதற் படங்களில் பல, திரைப்படக் கழகக் கூட்டங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் வெளிநாட்டு விழாக்களிலுமே முதலில் காட்டப்பட்டன. ராட்டர்டாமில் கைதட்டல் பெற்ற படத்தைச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர் காண வழியில்லை என்னும் முரண்பாடு இதனால் விளைந்தது.

அந்தத் தடை பின்னர்த் தானே உடைந்தது. ஹாலிவுட் நிறுவனங்கள் கூடி 2005இல் டிஜிட்டல் திரையிடலுக்கான பொது வரையறையை வெளியிட்டன. உலகெங்கும் படச்சுருள் ஓட்டும் கருவிகள் அகற்றப்பட்டன. ரெட் ஒன் கேமரா 2007இலும் ஆரி அலெக்சா 2010இலும் வந்து, வெயிலையும் நிழலையும் ஒருசேரத் தாங்கும் திறத்தில் படச்சுருளை நெருங்கின. கோடக் நிறுவனம் 2012 சனவரியில் நொடிப்புக் காப்பு கோரியது. புஜி நிறுவனம் அடுத்த ஆண்டில் படப்பிடிப்புச் சுருள் தயாரிப்பையே கைவிட்டது. ஒருகாலத்தில் ஏழைக்கு எட்டாத கட்டாயமாயிருந்த படச்சுருள், இன்று விரும்பிச் செலவிடுவோரின் தேர்வாகிவிட்டது.

எஞ்சியிருப்பது பாதுகாப்பு. இதிலேதான் வீடியோவின் மூன்றாவது கணக்குச் சீட்டு வருகிறது. அமெரிக்கத் திரைப்படக் கலைக் கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஒரு முழுநீளப் படத்தின் மூலப்பிரதியைப் படச்சுருளாகக் காப்பதற்கு ஆண்டுக்கு 1,059 அமெரிக்க வெள்ளியும், உயர்தர டிஜிட்டல் வடிவில் காப்பதற்கு 12,514 அமெரிக்க வெள்ளியும் ஆகும் என்று மதிப்பிட்டது. சுருளைக் குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். டிஜிட்டல் பதிவையோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கும் புதிய வடிவத்துக்கும் பெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே கழகம் 2012இல் வெளியிட்ட இரண்டாம் அறிக்கை, பெரிய நிறுவனங்களைவிடத் தனித்தியங்கும் சிறுமுதல் இயக்குநர்களே இவ்விடரில் மிகுதியாகச் சிக்கியிருப்பதை எடுத்துக்காட்டியது. அவர்களுக்கு அறையுமில்லை, பெயர்த்து வைக்க ஆளுமில்லை.

படச்சுருளுக்கும் அழிவுண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அசிட்டேட் சுருள் புளிக்காடி நாற்றமெடுத்துச் சுருங்கும், வண்ணம் வெளிறும், பூஞ்சை படரும். குளிரூட்டிய அறையில்லாதவருக்கு அதுவும் நிலையான பொருளன்று. ஆயினும், மெல்ல அழியும் பொருளிலிருந்து ஓரளவேனும் மீட்க முடிகிறது. முன்னர்க் குறித்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’, அதில் ஒலித்த பாடல்களுக்கு உரிமம் பெறப் பணமில்லாமையால் முப்பதாண்டுகள் வரை முறையான வெளியீடு காணாமற் கிடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத் திரைப்படக் காப்பகம் அதன் 16 மில்லிமீட்டர்ச் சுருளைச் செப்பனிட்டு 35 மில்லிமீட்டருக்குப் பெருக்கியது. 2007இல் அது திரையரங்குகளில் ஓடியது.

2000களில் மினிடிவியில் பதிவான படங்களுக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேரமில்லை. காந்தப் பூச்சுள்ள அந்தச் சிறு நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; அதற்குரிய கருவி வேண்டும். அக்கருவிகளை இன்று பழைய பொருள் விற்பவரிடமே தேட வேண்டும். அவற்றின் கம்பியைச் செருகும் வாயும் புதிய கணினிகளில் இல்லை. ஒரு நாடாவைக் கணினிக்கு மாற்ற, அது ஓடும் நேரம் முழுவதும் ஓடியாக வேண்டும். நாற்பத்தைந்து நாடாக்களுள்ள ஒரு படத்திற்கு நாற்பத்தைந்து மணி நேரம். இடையில் நாடா சிக்கினால் படம் சதுரம் சதுரமாக உடையும். அந்த இடத்தை மீண்டும் சுற்றி, மீண்டும் ஓட்ட வேண்டும்.